எழுபதைத் தாண்டிய பெற்றோருடன் பெரிய கப்பலில்: ஏறுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணத்துக்கு அப்பாவையும் (76) அம்மாவையும் (71) அழைத்துப் போக நினைக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பல் என்பதால் தயக்கமாக இருக்கிறது. சரிப்படுமா?

பதில்:

சரிப்படும். இந்த வயதுக்காரர்களுக்கு, வெளிநாட்டுப் பயணங்களிலேயே உடம்பை அதிகம் படுத்தாதது இதுதான். பெட்டியை ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும். ஊர் மாறும், படுக்கை மாறாது. கழிவறை எப்போதும் பக்கத்தில் இருக்கும். களைத்துவிட்டால் யாரையும் காக்க வைக்காமல் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறி இறங்கி ஐந்து நாளில் நாலு ஓட்டல் மாறும் சுற்றுலாவில் இவை எதுவும் கிடைக்காது.

ஆனால் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் பணம் கட்டும் அன்றே முடிவாகிவிடுகிறது. எந்த மாதம், எந்த அறை, எந்தத் துறைமுகம் என்ற மூன்றையும் கப்பலில் ஏறிய பிறகு மாற்ற முடியாது. விலையைப் பார்த்து முதலில் டிக்கெட் போட்டுவிட்டு, பெற்றோருக்கு என்ன தேவை என்று பிறகு யோசிக்கிற குடும்பங்கள்தான் திணறுகின்றன. அதனால் இந்த மூன்றைப் பற்றியே முதலில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மாதம். உங்கள் கப்பல் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம். இரண்டு நிலங்களுக்கு நடுவே இருப்பதால் அலை பெரிதாக எழும்ப அங்கே இடமில்லை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை ஆண்டின் பெரும்பகுதி கப்பல் ஓடுவதே தெரியாது. பினாங்கைத் தாண்டி வடக்கே போகப் போக அந்தமான் கடல் திறந்துகொள்ளும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நேராக மோதுகிறது. புக்கெட் வழிக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையே நல்ல காலம். வியட்நாம் பக்கம் போகும் கப்பல்களுக்கு இது தலைகீழ்: தென்சீனக் கடலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும், ஆட்டம் அதிகமாக இருக்கும். டிசம்பர் விடுமுறையில் ஒரே விலையில் இரண்டு வழியும் கிடைத்தால் பெற்றோருடன் போகிறவர்கள் புக்கெட் வழியையே எடுக்க வேண்டும்.

கடல் மட்டுமல்ல, கூட்டமும் மாதத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள வாரங்களும் நீண்ட பள்ளி விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம் உண்டு. அந்த நாட்களில் நீச்சல் குளம், லிஃப்ட், பஃபே எல்லாம் குழந்தைகளால் நிரம்பியிருக்கும். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு ஓடிவரும் குழந்தைதான் பெரிய ஆபத்து. சீனப் புத்தாண்டு வாரத்தை ஒதுக்கிவிட்டு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஒரு தேதி பாருங்கள். கடலும் அமைதி, கப்பலும் அமைதி.

அடுத்தது அறை. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் 335 மீட்டர் நீளம். முன்னர் அங்கிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் 347 மீட்டர். அறை முன்முனையிலும் சாப்பாட்டுக் கூடம் பின்முனையிலும் அமைந்தால் ஒரு நடை கால் கிலோமீட்டர். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் போய் வந்தாலே ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும். தேய்ந்த முழங்காலுக்கு இது இரண்டாம் நாளே வலியாகத் தெரியும். ஆகவே கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டிலிருந்து ஏழெட்டு அறை தள்ளி எடுங்கள். லிஃப்டை ஒட்டியே எடுத்தால் இரவு பன்னிரண்டு மணிக்கும் பேச்சுச் சத்தம் கேட்கும்.

நடுப்பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கப்பல் முன்பின்னாக ஏறி இறங்கும்போது சீசா பலகையின் நடுவில் இருப்பவர் போல, நடு அறைக்காரர் மிகக் குறைவாக ஆடுவார். இடவலமாகச் சாயும் ஆட்டம் மேல் தளங்களில் அதிகம், கீழே குறைவு. கப்பலின் அடிவயிற்றில் இருபுறமும் துடுப்பு போல நீளும் ஸ்டெபிலைசர்கள் இந்த இடவல ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. நல்ல காட்சி கிடைக்கும் என்று முன்முனையில் மேல் தள அறையை அதிக விலை கொடுத்து வாங்கிப் பெற்றோருக்குக் கொடுப்பவர்கள், கப்பலிலேயே அதிகம் ஆடும் இடத்தை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். கீழ் அல்லது நடுத் தளம், நடுப்பகுதி என்பதை மறக்காதீர்கள்.

தள வரைபடத்தை நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நீங்கள் எடுக்கும் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலை நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடக அரங்கோ நடன விடுதியோ இருந்தால் இரவு வெகு நேரம் தரை அதிரும். "அறை எண் பிறகு தெரிவிக்கப்படும்" என்று சொல்லி மலிவாக விற்கும் டிக்கெட்டை முதியோருக்கு வாங்கவே வேண்டாம். மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது போக மிஞ்சிய அறைதான் அதில் வரும்.

ஜன்னல் இல்லாத உள் அறை மலிவு, இளையவர்களுக்குப் போதும். ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத கும்மிருட்டு. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பவர் அந்த இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்வார். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் கலங்கிவிடுவார். குறைந்தது ஜன்னல் அறை, முடிந்தால் பால்கனி அறை எடுங்கள். எந்த அறையானாலும் ஒரு சிறிய இரவு விளக்கு கொண்டுபோங்கள். பேட்டரியில் எரிவதாக இருந்தால் பிளக் பிரச்சினை இல்லை.

கப்பலில் முதியோர் வழுக்கி விழும் இடங்களில் குளியலறையை முதலில் சொல்ல வேண்டும். தண்ணீர் வெளியே வராதிருக்க வாசலில் உயரமான படி இருக்கும். தூக்கக் கலக்கத்தில் அதில் கால் தட்டும். குளிக்கும் இடம் ஓர் ஆள் நிற்கும் அளவுதான். குளியல் ஸ்டூலும், வழுக்காத விரிப்பும் கேட்டால் பல கப்பல்களில் தருவார்கள். ஏறிய பிறகு கேட்பதைவிட, முன்பதிவின்போதே எழுதிக் கேட்பது நல்லது. கழிவறை காற்றழுத்தத்தால் உறிஞ்சும் வகை. எழுந்து, மூடியைச் சாத்திய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று முதல் நாளே காட்டிவிடுங்கள், சத்தத்தில் பயந்துவிடுவார்கள். பல கப்பல்களில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க்குழாய் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் வையுங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் நம் பெரியவர்கள் இதை வெளியே சொல்லாமலே நான்கு நாள் தவித்துப் போவார்கள்.

கட்டிலைப் பிரித்துப் போடச் சொல்லலாம், பணிப்பெண்ணோ பணியாளரோ ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். பணம் மிச்சம் என்று பேரனையும் அதே அறையில் போடாதீர்கள். மூன்றாம் ஆளுக்கு மேலிருந்து இறக்கும் படுக்கையோ இழுத்து விரிக்கும் சோஃபாவோதான் வரும், இரவில் நடக்க இருந்த கொஞ்ச இடமும் போய்விடும்.

அம்மா நாள் முழுக்க வீல்சேரில் இருப்பவர் என்றால் கணக்கு வேறு. அகலக் கதவு, படியில்லாத குளியலறை, உட்கார்ந்து குளிக்கும் பலகை, பிடிகம்பிகள் உள்ள தனி அறைகள் உண்டு. ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். சாதாரண அறைக்கதவு குறுகல். மடக்கும் வீல்சேர்தான் உள்ளே போகும். தீயணைப்பு விதிப்படி நடைபாதையில் அதை நிறுத்தி வைக்கவும் விட மாட்டார்கள். இன்னொன்று: துறைமுகத்தில் தரும் வீல்சேர் உதவி கப்பல் ஏறும்வரை மட்டும்தான். "கேட்டால் கப்பலில் தருவார்கள்" என்று நம்பிப் போகிறவர்கள் அங்கே ஏமாறுகிறார்கள். சொந்தமாகக் கொண்டுபோங்கள், அல்லது முன்பே வாடகைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாத எவருக்கும், வீட்டில் வீல்சேரே பயன்படுத்தாதவராக இருந்தாலும், துறைமுக உதவியைக் கேட்டு வாங்குங்கள். பலர் வெட்கப்பட்டு வேண்டாம் என்பார்கள். குடிநுழைவு வரிசையும் பாதுகாப்பு வரிசையும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, துறைமுகம். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே நேராக அணைகிறது. சாய்வுப் பாலத்தில் இறங்கினால் ஊர். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் வழக்கமாகப் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் வாசலும் படகின் தளமும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த ஓரடியைத் தன் காலாலேயே எடுத்து வைக்க வேண்டும். பணியாளர்கள் இருபுறமும் பிடித்துக்கொள்வார்கள், தூக்கி வைக்க மாட்டார்கள். அலை இருந்தால் வீல்சேர் பயணிகளை ஏற்றவே மறுப்பார்கள், அது சரியும்கூட. அம்மாவின் முழங்காலுக்கு, புக்கெட் அன்று கப்பலிலேயே இருப்பது நல்லது. அதை இழப்பாக நினைக்க வேண்டாம். எல்லாரும் இறங்கிப் போன பிறகு குளத்தருகே நிழல் நாற்காலி கிடைக்கும், பஃபேயில் வரிசை இருக்காது, லிஃப்ட் உடனே வரும். பெரிய கப்பலில் முதியோருக்குக் கிடைக்கும் மிக இதமான பகல் அதுதான்.

பினாங்கில் இருவரும் தாராளமாக இறங்கலாம். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவும் துறையிலிருந்து பக்கம்தான். 1833-இல் எழுந்த கோயில் அது. இளையவர்களுக்கு நடக்கும் தூரம் என்றாலும், வெயிலில் முழங்கால் வலியோடு நடக்க வைக்காமல் வாடகைக் காரில் போங்கள். கப்பல் காலையில் அணைந்தால் சீக்கிரம் இறங்கி, உச்சிவெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள். உங்கள் கப்பல் போர்ட் கிள்ளானில் நிற்பதாக இருந்தால் ஒரு குறிப்பு: பத்துமலை அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குகைக்குப் போக 272 படிகள். ஏற முடியாதவர்கள் கீழேயே நின்று, 2006-இல் திறந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைத் தரிசித்துத் திரும்பலாம். பாதி ஏறிவிட்டு இறங்க முடியாமல் தவிப்பதைவிட இது மேல்.

கரைக்குப் போகும் நாட்களில் ஒரு நேரக்குழப்பம் காத்திருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கரையில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பினால் ஒரு மணி நேரம் தாமதம், கப்பலோ காத்திருக்காது. அப்பாவின் கையில் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி, கப்பல் நேரம் வைத்துவிடுங்கள்.

இனி மருந்து. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர், கண்ணாடி, காதுக்கருவி பேட்டரி, ஒரு மாற்று உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வார மருந்து கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு, அதே அட்டைகளில் எடுத்துப் போங்கள். பிரித்து டப்பாவில் கொட்டியதை யாராலும் அடையாளம் காண முடியாது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றில் சிலவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரப்படும் மருந்துகளும் அதில் அடங்கும் என்பதால் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அறையில் இருக்கும் சிறு குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் பானங்களைக் குளிர்விக்க மட்டுமே, இன்சுலினுக்கு ஏற்ற நிலையான குளிர் அதில் இருக்காது. மருந்துக்கான குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்று முன்பே கேளுங்கள். ஊசிகளைப் போட மூடியுள்ள டப்பாவும் தருவார்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு இயந்திரம் வைத்திருப்பவர்கள், சொந்த நீட்டிப்பு வயர் கொண்டுபோனால் வாயிலிலேயே பறிமுதல் ஆகலாம். அதையும் சொல்லி வைத்துக் கப்பலிலேயே வாங்குங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கப்பலில் தாழ்சர்க்கரை வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வழக்கம்போல அறையிலேயே மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். லிஃப்டுக்குப் பத்து நிமிடம், மேசைக்கு இருபது நிமிடம், உணவு வர இன்னும் இருபது நிமிடம். உட்காரும் முன்பே வேர்த்துக் கொட்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் மருந்தைத் தட்டு கண்ணில் பட்ட பிறகே போடச் சொல்லுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இரவு உணவுக்கு முன்பந்தி, பின்பந்தி என்று இருந்தால் முன்பந்தியையே எடுங்கள். இந்திய நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு. மருந்து வேளையை எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

தலைசுற்றல், குமட்டல் பயம் பலருக்கும் உண்டு. உண்மையில் வயது ஏற ஏற இந்தத் தொல்லை குறையும், பள்ளிப் பருவப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். கவலை அதற்குக் கொடுக்கும் மருந்துகளால்தான். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை முதியோருக்குத் தூக்கக் கலக்கம், குழப்பம், தள்ளாட்டம் தரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண்ணழுத்த நோய்க்கும் ஆகாது. சின்னாரிசின் என்ற இன்னொரு தலைசுற்றல் மருந்து பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. ஆகவே, "எதற்கும் இருக்கட்டும்" என்று தினமும் கொடுக்காதீர்கள். கப்பல் ஆடினால் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் உட்கார வைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறாக விடாமல் உலர்ந்த பிஸ்கட்டோ இஞ்சியோ கொடுங்கள். மருந்து வேண்டுமென்றால் அவருடைய மற்ற மாத்திரைகளைத் தெரிந்த மருத்துவர் எழுதியதை மட்டும் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான் பெரிய கப்பல்களைப் பிடித்தாட்டும் நோய். நோரோவைரஸ் மிகச் சிறிய அளவிலேயே தொற்றும், கைப்பிடிக் கம்பியிலும் பஃபே கரண்டியிலும் தங்கும். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸை அவ்வளவாக அழிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 20 விநாடி கழுவினால்தான் போகும். பஃபேயில் கரண்டியைப் பிடித்து உணவு எடுத்த பிறகு, சாப்பிட உட்காருமுன் இன்னொரு முறை கழுவ வேண்டும். கையால் சாப்பிடும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். மேசையில் பரிமாறும் உணவுக்கூடத்தில் சாப்பிட்டால் பொதுக் கரண்டியைத் தொடும் வேலையே இல்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். முதியோருக்கு அதுவே மேல்.

அப்படியும் வந்துவிட்டால் உடனே மருத்துவக்கூடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோய்க்குறி நின்ற பிறகும் சில சமயம் 48 மணி நேரம் வரை அறையிலேயே இருக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் விடுமுறை கெட்டுவிடுமே என்று பெரியவர்கள் மறைப்பார்கள். மறைத்த ஒரு நாளில் நீர்ச்சத்து வற்றி, எழுந்து நிற்கும்போது மயங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறியும் நிலைக்கும் போகலாம். ஓஆர்எஸ் பொட்டலம் பத்தாவது கையில் இருக்கட்டும். வாந்தி பேதியின்போது நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், சில இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை ஊரிலேயே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கேட்க ஆள் கிடைக்காது. இன்னொரு பழக்கமும் கவனிக்க வேண்டியது: வெளியே போகும் நாளில் சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், நீர் மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் எந்நேரமும் உண்டு. ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை இரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பை மீட்கும் கருவி எல்லாம் வைத்திருப்பார்கள். நிலைப்படுத்தி, அடுத்த துறைமுகத்தில் மருத்துவமனையிடம் ஒப்படைப்பதே அவர்கள் வேலை. ஆஞ்சியோவும் பெரிய அறுவையும் அங்கே கிடையாது. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்குச் சாதாரணக் கப்பலில் வசதி இருக்காது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ பெரிய அறுவையோ நடந்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கூட்டம் அடைந்திருக்கும் இடத்தில் தொற்று எப்படிப் பரவும் என்பதை 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சஸ் காட்டியது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. இன்ஃபுளூவென்சா தடுப்பூசியை இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசி தேவையா என்றும் கேளுங்கள்.

மருத்துவக்கூடத்தில் பார்க்கும் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு காப்பீட்டில் கேட்க வேண்டும். பயணக் காப்பீட்டை விலை பார்த்து வாங்காதீர்கள். நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள்: கப்பல் பயணம் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய் அடங்குமா, 70 வயதுக்கு மேல் தொகைக்கு உச்சவரம்பு உண்டா, ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுபோகும் செலவு அடங்குமா. சர்க்கரை இருப்பதைச் சொல்லாமல் வாங்கிய காப்பீடு, தேவைப்படும் அன்று நிராகரிக்கப்படலாம்.

தாள்கள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பலமுறை நுழையும் விசா கட்டாயம் வேண்டும். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை விமானத்தில் வரும்போது ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது மறுமுறை நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் பாருங்கள்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரவு விமானம் ஏறி, காலையில் இறங்கி, அன்று மதியமே கப்பல் ஏறுவது கணக்குக்கு லாபம், உடம்புக்கு நஷ்டம். தூக்கமில்லாமல் வந்து வரிசைகளில் நின்று ஏறியவர்களுக்கு முதல் இரண்டு நாளும் வீண். ஒரு நாள் முன்பே வந்து தூங்கி எழுந்து ஏறட்டும்.

ஏறியதும் முதல் வேலை அவசரகாலப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, புதிதாக ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்ற சர்வதேச விதி வந்தது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: கேட்டதும் குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும், லிஃப்ட் கூடாது. படி இறங்க முடியாதவர், காது கேளாதவர் என்றால் வரவேற்பு மேசையில் பெயரைப் பதிந்துவிடுங்கள், அவசரத்தில் அவர்களுக்கென்று ஆள் வரும்.

நடைபாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எவருக்கும் வழி தவறும். அறைக்கதவு பெரும்பாலும் இரும்பு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். அறை எண், தளம், உங்கள் அறை எண் மூன்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கடலில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், கப்பலின் செயற்கைக்கோள் ரோமிங் கட்டணம் மலைக்க வைக்கும். அறைத் தொலைபேசி போதும். "ஐந்து மணிக்கு இந்த நாற்காலி" என்று ஒரு சந்திப்பிடமும் நேரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்புக்குப் பதில் பின்வார் உள்ள ரப்பர் அடிக் காலணி வேண்டும். வெளித்தளக் கதவுகள் கனமானவை, காற்றில் படாரென்று சாத்திக்கொண்டு விரலை நசுக்கும். கதவை நீங்கள் பிடியுங்கள், அவர்கள் கம்பியைப் பிடிக்கட்டும். அரங்குகளில் குளிர் அதிகம், சால்வையும் காலுறையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சைவ உணவு வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், முதல் நாள் இரவே பரிமாறுபவரிடம் காரம், உப்பு பற்றிச் சொன்னால் மறுநாளிலிருந்து பார்த்துச் செய்வார்கள். வீட்டில் சமைத்ததை உள்ளே விட மாட்டார்கள். உறை பிரிக்காத பொட்டலங்களை விடுவார்கள்.

பெற்றோருக்கு நாள் முழுக்க நிகழ்ச்சி போட்டுவிடாதீர்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவே தூக்கம் என்று இருந்தால் நான்காம் நாளும் முகம் தெளிவாக இருக்கும். ஆறரை மணிக்கு, ஆட்கள் எழுமுன், நடைதளத்தில் இருவரையும் உட்கார வைத்து ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். எந்த நிகழ்ச்சியும் அதற்கு ஈடாகாது.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை மருந்து, பல்செட், மறுநாள் உடுப்பு மூன்றையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு இரவு உடையிலேயே இறங்குகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. பெட்டியைப் பூட்டுமுன் நீங்களே ஒரு முறை பாருங்கள். காலையில் லிஃப்ட் நெரிசல் அடங்கும் வரை கீழ்த்தள இருக்கைகளில் உட்கார வையுங்கள், ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்குப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலிருக்கும். கப்பல் ஆட்டத்துக்குப் பழகிய மூளை மறுபடி நிலத்துக்குப் பழக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவும்போது இன்னும் அதிகமாகத் தெரியும். அந்த நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்து குளிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் மரத்துப் போனாலோ கப்பல் ஆட்டம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.